பென்சனில் எனக்குப் பங்கில்லை

செத்தவர் பாதியில் விட்டுப்போன வேலைகளை உயிரோடிருக்கிறவர் சம்பளமில்லாமல் செய்து முடிப்பதற்குப் பெயர்தான் எக்சிகியூட்டர் வேலை. யாராவது தன் உயிலில் உங்கள் பெயரை அப்படி எழுதிவைத்திருந்தால் நீங்கள் இதை வாசிக்கவேண்டும். எழுதிவைத்திருப்பது உங்களுக்கே தெரியாமலிருந்தால் இன்னும் கவனமாக வாசிக்கவேண்டும்.

நான் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு சேலைக்கடைக்கு மேல்மாடியில் உள்ள சொலிசிற்றர் ஒஃபிஸில் முன்மேசையில் இருக்கிறேன். ஊரில் ஒன்பதாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. இங்கே வந்து கட்டடங்கள் கூட்டித் துடைத்தேன், கடையில் காசு வாங்கினேன், பிறகு இந்தக் கதிரை கிடைத்தது. ஃபோன் எடுப்பேன், தேத்தண்ணி போடுவேன், வருகிறவர்கள் சொல்வதை லோயருக்கும் லோயர் சொல்வதை வருகிறவர்களுக்கும் விளங்கப்படுத்துவேன். லோயர் காயத்திரி மலேசியாத் தமிழ்ப் பிள்ளை. அவர் பேசுவதும் தமிழ், எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் கதைப்பதும் தமிழ். ஆனாலும் நடுவில் நான் தேவைப்படுகிறேன்.

எனக்கு எதற்கும் பயம். கதவைப் பூட்டிவிட்டுப் பஸ் தரிப்புவரை போய், திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள். அப்படிப்பட்ட நான், என் அண்ணையின் உயிலுக்கு எக்சிகியூட்டர் ஆனேன். அதனால் அண்ணையின் மகன் என்னோடு கதைப்பதை விட்டான். அண்ணையின் ஆட்டத்திவசம், அதாவது வருசம் முடிந்து வருகிற முதல் திவசம், நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் குடும்பத்தில் செத்த வீட்டுக்குச் சொல்லாமலே போகலாம், திவசத்துக்குச் சொல்லவேண்டும். கூடப்பிறந்த எனக்கு அவன் சொல்வானா, மாட்டானா? இந்த யோசனையோடுதான் நான் கடந்த ஒரு வருசமாக மற்றவர்களுடைய உயில்களுக்குத் தேத்தண்ணி போட்டேன். எக்சிகியூட்டர்மாரே, நீங்கள் பட்டதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

கொள்ளியும் கையெழுத்தும்

எங்கள் ஆட்களிடம் ஒரு பிழையான எண்ணம் இருக்கிறது. கொள்ளி வைத்தவர்தான் எக்சிகியூட்டர் என்று நினைப்பார்கள். இந்த ஊரில் கொள்ளி என்பது தகனசாலையில் ஒரு பட்டன். அதை அமத்திய கையோடு, மொட்டைத் தலையில் தொப்பியும் போட்டுக்கொண்டு ஒருவர் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். தகப்பனுடைய உயிலைக் காயத்திரி எடுத்து வாசித்தார். எக்சிகியூட்டர் இடத்தில் இருந்தது அவருடைய தங்கையின் பெயர். மனிதர் லோயரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "மொட்டை அடிச்சது நான், பட்டன் அமத்தினது நான். கையெழுத்து மட்டும் அவளோ?" என்றார்.

நான் பொறுமையாக விளங்கப்படுத்தினேன். வங்கிக்கு எழுதவேண்டும். வரிக்காரருக்கு எழுதவேண்டும். காஸ் கம்பனிக்கு, கவுன்சிலுக்கு, வீட்டுக் காப்புறுதிக்கு எழுதவேண்டும். பிழை விட்டால் எழுதியவர்தான் பொறுப்பு. அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். சம்பளம் உண்டோ என்று கேட்டார். உயிலில் எழுதியிருந்தால் ஒழிய இல்லை, இதில் எழுதவில்லை என்றேன். அப்பாவின் பென்சன் காசிலாவது ஏதும் வருமோ என்றார். அது எக்சிகியூட்டர் கைக்கே வராது, கம்பனி நேரே கொடுத்துவிடும் என்றேன். அவர் முகத்தில் அதுவரை இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அப்ப அவளே செய்யட்டும். பொம்பிளைப்பிள்ளை, பொறுமையாச் செய்வாள்."

முறைப்படி ஏழு பேர்

ஒரு பெரியவர் தன் உயிலை எழுத வந்தார். எக்சிகியூட்டராக யாரைப் போடுவது என்று காயத்திரி கேட்டதும், கண்ணை மூடிக்கொண்டு ஏழு பெயர் சொன்னார். மூத்த தம்பி, இரண்டாவது தம்பி, பெரியம்மாவின் மகன், மூத்த மருமகன் என்று முறைப்படி வந்தது. கலியாண அழைப்பிதழில்கூட இவ்வளவு ஒழுங்கை நான் கண்டதில்லை. ஆகக்கூடியது நான்கு பேருக்குத்தான் நீதிமன்றம் அதிகாரம் கொடுக்கும் என்று காயத்திரி சொன்னார். பெரியவர் திடுக்கிட்டுப்போனார். ஒருவரை எழுதி அடுத்தவரை விட்டால் விட்டவர் வீட்டு வாசலையும் மிதிக்கமாட்டாராம்.

அப்படியென்றால் சொந்தக்காரர் ஒருவருமே வேண்டாம், எங்கள் ஒஃபிஸை எழுதலாம், ஆனால் செய்கிற வேலைக்கு ஃபீஸ் உண்டு, அதை உயிலிலேயே எழுதிவைக்கவேண்டும் என்று காயத்திரி ஒரு வழி சொன்னார். பெரியவர் கதிரையைப் பின்னால் தள்ளினார். செத்தவனின் சொத்தில் கூலி வாங்குவதா என்ற கேள்வி அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. காயத்திரிக்குச் சிரிப்பு. எனக்கு, ஏனோ, பெருமையாக இருந்தது. எங்கள் ஆட்களிடம் ஆயிரம் குறை சொல்லலாம். இந்த விசயத்தில் அவர்களுக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. கடைசியில் பெரியவர் முடிவுக்கு வந்தார்.

"நாலு பேரை எழுதுங்கோ, பிள்ளை. மிச்ச மூண்டு பேருக்கும் நான் உயிரோட இருக்கேக்கையே விருந்து வைச்சுச் சமாளிக்கிறன்."

மூத்த பிள்ளை யார்?

அனுவிற்றி என்ற சொல்லை விளங்கப்படுத்துவதுபோலக் கடினமான வேலை எங்கள் ஒஃபிஸில் வேறில்லை. நான் சொல்வது இப்படித்தான்: உங்கள் பென்சனில் சேர்ந்த முதலை ஒரு கம்பனியிடம் மொத்தமாகக் கொடுத்துவிடுகிறீர்கள். நீங்கள் உயிரோடிருக்கும்வரை அவர்கள் மாதாமாதம் தருவார்கள். நீங்கள் போனால் அதுவும் போகும். நூறு வயதுவரை இருந்தால் உங்களுக்கு லாபம், நாளைக்கே போனால் அவர்களுக்கு லாபம். இவ்வளவு வருசத்துக்கு உத்தரவாதம் என்று முதலே போட்டிருந்தால் மட்டும், மிச்ச வருசத்துக் காசு வீட்டுக்கு வரும்.

ஒரு மகன் வந்தார். தகப்பன் அனுவிற்றி எடுத்து, ஒரு குளிர்காலம் முடியமுன் காலமாகிவிட்டார். மாதம் கொஞ்சம் கூடக் கிடைக்குமென்று உத்தரவாதம் போடாமல் விட்டிருந்தார். மிச்சமாக ஒன்றுமே இல்லை என்று காயத்திரி சொன்னபோது அந்த மகன் கோபப்படவில்லை. வீட்டுக்கு மூத்தவர், தகப்பனுக்காக நன்றாக அழுது முடித்திருந்தார். எக்சிகியூட்டராக இதில் தனக்கு என்ன வேலை என்று கேட்டார். செத்துவிட்டார் என்று கம்பனிக்கு அறிவிக்கிறதுதான் வேலை என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"இவ்வளவு நாளும் நான்தான் அப்பாவுக்கு மூத்த பிள்ளையெண்டு நினைச்சுக்கொண்டிருந்தன், அக்கா. கம்பனிக்காரனாம்."

அண்ணை வந்த நாள்

என் அண்ணை லண்டனில் பஸ் ஓட்டியவர். அண்ணி காலமாகிச் சில வருசம் கழித்து, ஒருநாள் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். முன்மேசையில் நான் இருக்க, என்னைத் தெரியாதவர்போலத் தன் பெயரைச் சொன்னார். லோயரைப் பார்க்க நேரம் எடுத்திருக்கிறேன் என்றார். உள்ளே போய் உயில் எழுதிவிட்டு வெளியே வந்துதான் என்னிடம் விசயத்தைச் சொன்னார். வீடும் வங்கியில் கிடப்பதும் மகன் மயூரனுக்கும் மகள் தர்சினிக்கும் சரிபாதி. எக்சிகியூட்டர் நான்.

"மயூரன் இருக்க நானோ, அண்ணை? அவன் கம்ப்யூட்டர் படிச்சவன். பிறகு என்னை என்ன நினைப்பான்?" என்றேன். மயூரனுக்கு நாற்பது வயது. கிங்ஸ்பரியில் மனைவியோடும் மாமனாரோடும் ஒரே வீட்டில் இருக்கிறான். நல்ல பிள்ளை. அதை அண்ணையும் ஒத்துக்கொண்டார். படியில் இறங்கும்போது கைபிடியைப் பிடித்துக்கொண்டு திரும்பிச் சொன்னார்:

"அவன் நல்ல பிள்ளைதான். ஆனால் வாற தபாலை உடைக்கமாட்டான். நீ பக்கத்து வீட்டுத் தபாலையும் உடைக்கிற ஆள்."

முத்திரை

அண்ணை காலமானபிறகு, இந்த ஒஃபிஸிலேயே வேலை செய்கிறவளின் குடும்ப விசயத்தை இங்கே செய்வது வடிவில்லை என்று காயத்திரி சொன்னார். வேறு லோயரிடம் போனால் அதற்கு அண்ணையின் பிள்ளைகளின் காசுதான் போகும். நானே செய்கிறேன் என்றேன். சொல்லிவிட்டு ஒரு கிழமை பயத்தில் சாப்பாடு இறங்கவில்லை. வேலை முடிந்து வந்து, குசினி மேசையில் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு நீதிமன்றத்துக்கான விண்ணப்பத்தை எழுதினேன். ஒவ்வொரு இலக்கத்தையும் மூன்று தரம் சரிபார்த்தேன். பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, தபால்கந்தோரில் இருந்த பெண்ணிடம் திரும்பிப் போய், அனுப்பினீர்களா என்று கேட்டேன்.

உயிலை நிறைவேற்ற அனுமதி வந்தது. என் பெயர், அதற்குக் கீழே நீதிமன்ற முத்திரை. ஒன்பதாம் வகுப்புக் கையெழுத்தை நம்பி ஒரு நாட்டின் நீதிமன்றம் முத்திரை குத்தி அனுப்பியிருந்தது. ஒஃபிஸுக்குக் கொண்டுபோய், ஏதும் பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வதுபோலக் காயத்திரியிடம் நீட்டினேன். பிழை இல்லையென்று எனக்குத் தெரியும். அவருக்கும் நான் ஏன் நீட்டினேனென்று தெரியும்.

"அக்கா, இதை ஃபிரேம் போட்டு மாட்டுங்க லா. என் பட்டத்தைக்கூட நான் இப்படிப் பார்த்ததில்ல."

ரொறன்ரோவிலிருந்து வந்த சட்டம்

எங்கள் ஆட்களுக்குச் சட்டம் மூன்று நாட்டிலிருந்து வரும். இந்த நாட்டுச் சட்டம், ஊர் வழக்கம், ரொறன்ரோவில் இருக்கிற சொந்தக்காரர் ஃபோனில் சொல்வது. இதில் மூன்றாவதுக்குத்தான் மதிப்பு அதிகம். எங்கள் சின்னம்மாவின் மகன் ஒருவன் ரொறன்ரோவில் இருக்கிறான். எனக்குத் தம்பி, மயூரனுக்குச் சித்தப்பா. அங்கே யாருக்கோ எக்சிகியூட்டராக இருந்து, நூற்றுக்கு இவ்வளவு என்று அந்த ஊர் வழக்கப்படி வாங்கியவன். மயூரன் ஏற்கெனவே மனத்தாங்கலில் இருந்தான். கொள்ளி வைத்தவனை விட்டுவிட்டு மாமியை எழுதிவிட்டாரே என்று. அந்த நேரத்தில் சித்தப்பா அவனிடம், எக்சிகியூட்டர் எல்லாவற்றிலும் எடுக்கலாம் என்று சொல்லிவைத்தான்.

ஒரு சனிக்கிழமை தர்சினி ஃபோன் எடுத்து, "மாமி, எங்கட குடும்பக் குறுப்பில வந்த மெசேஜைப் பாக்காதேங்கோ," என்றாள். உடனே பார்த்தேன். மயூரன் சித்தப்பாவைக் கேட்டிருந்தான், ஆங்கிலத்தில், எல்லாரும் பார்க்க: மாமி எவ்வளவு எடுக்கிறா, அப்பாவின் பென்சனிலும் எடுப்பாவா? அதற்குக் கீழே ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. எழுபது பேர் இருக்கிற குறுப்பில் ஒருவரும் எழுதாமலிருப்பது எப்படிப்பட்ட சத்தம் என்று பட்டவர்களுக்குத் தெரியும். அடுத்த வெள்ளி ஆர்ச்வே முருகன் கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கிறேன். ஒரு அம்மா வந்து, "உமக்கும் ஏதோ கிடைச்சதாமே," என்று மெல்லக் கேட்டுவிட்டு நகர்ந்தார். அண்ணையின் பிள்ளைகளின் பெயருக்கு அர்ச்சனை செய்ய வந்தவளுக்கு அவர்களுடைய நட்சத்திரமே மறந்துபோனது.

திங்கட்கிழமை காயத்திரியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அவர் அண்ணையின் உயிலை எடுத்து மறுபடி வாசித்தார். கூலி எடுக்கலாம் என்று அதில் ஒரு வரியும் இல்லை, ஆகையால் எடுக்கமுடியாது. அண்ணைக்கு இரண்டு பென்சன். ஒன்றை அனுவிற்றியாக மாற்றியிருந்தார், அதில் உத்தரவாதக் காலம் கொஞ்சம் மிச்சம். யாருடைய பெயரும் கொடுக்காததால் அது உயிலோடு சேரும், என் கைவழியாகப் போகும், ஆனால் என் கையில் நிற்காது. மற்றப் பென்சன் தொடாமல் கம்பனியில் கிடந்தது. அதற்கு இரண்டு பிள்ளைகளின் பெயரையும் கம்பனியிடம் கொடுத்திருந்தார். அது உயிலிலும் சேராது, என் பக்கமும் வராது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அவர் என்னைச் சாப்பிட அனுப்பினார்.

"உங்களுக்கு ஒரு பென்னியும் கிடையாது, அக்கா. நீங்க ஆசைப்பட்டாலும் கிடையாது. நிம்மதியாப் போய்ச் சாப்பிடுங்க லா."

கிங்ஸ்பரிக் குசினி

இதை அப்படியே குறுப்பில் எழுதிவிடலாம் என்று தர்சினி சொன்னாள். நான் விடவில்லை. நான் எடுக்கவில்லை என்று நானே எழுதினால், எடுத்தவள் எழுதுவதும் அப்படித்தானே இருக்கும். இதற்கிடையில் தர்சினியின் பாதிப் பென்சன் காசு அவளுக்கு வந்து சேர்ந்தது. மயூரனுக்கு வரவில்லை. கம்பனி அனுப்பிய தபால்கள் அவன் வீட்டு வாசலில், அண்ணை சொன்னபடியே, உடைக்காமல் கிடந்தன. "நீங்கள் போனால்தான் நடக்கும், மாமி. நான் சொன்னால் சண்டைதான் வரும்," என்றாள் தர்சினி. கூப்பிடாத வீட்டுக்குப் போகிறேனே என்று, லண்டன் பிரிட்ஜில் ரயில் மாறும்போது ஒருமுறை திரும்பிவிடப் பார்த்தேன்.

மயூரன் கதவைத் திறந்தான், வாங்கோ என்றான், அவ்வளவுதான். குசினியில் அமர்ந்து தபால்களை உடைத்தேன். ஃபோனை லவுட்ஸ்பீக்கரில் வைத்துக் கம்பனிக்கு அடித்தேன். பாட்டு ஓடி முடிந்து ஒரு பெண்பிள்ளை வந்தாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, என் முழுப் பெயரையும் சொல்லி, நான்தான் எக்சிகியூட்டர் என்றேன். அவள் மிக மரியாதையாக, இந்தக் காசுக்கும் எக்சிகியூட்டருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, இதில் உங்களுக்குக் கொடுக்கவும் ஒன்றுமில்லை, உங்களோடு கதைக்கவும் எங்களுக்கு அனுமதியில்லை, மகன் இருந்தால் அவரிடம் ஃபோனைக் கொடுங்கள் என்றாள். இந்த நாட்டில் என்னை எத்தனையோ பேர் ஃபோனில் அப்படி ஒதுக்கியிருக்கிறார்கள். ஒதுக்கப்பட்டதற்கு நான் சந்தோசப்பட்டது அன்றைக்கு மட்டும்தான். ஃபோனை மேசையில் மயூரன் பக்கம் தள்ளிவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன்.

அவன் பிறந்த திகதி சொன்னான், வங்கி இலக்கம் சொன்னான், நன்றி சொன்னான். ஃபோனை வைத்தான். பிறகு கேத்திலில் தண்ணீர் பிடித்தான். எனக்குச் சீனி வருத்தம் வந்து முப்பது வருசத்துக்கு மேல். அது தெரியாத பிள்ளை எங்கள் குடும்பத்தில் இல்லை. சின்ன வயதில் என் தேத்தண்ணியில் களவாகச் சீனி போட்டு அண்ணையிடம் அடிவாங்கியதே அவன்தான். இப்போது ஒரு விருந்தாளியைக் கேட்பதுபோல, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்:

"சீனி போடுறனீங்களோ, மாமி?"

பஸ் காசு

அனுவிற்றியில் மிச்சமிருந்தது வந்தது, வீடு விற்ற காசு வந்தது, இரண்டு பிள்ளைகளுக்கும் சரிபாதியாகப் போய்ச் சேர்ந்தது. மயூரனிடமிருந்து கிடைத்தது என்ற செய்திமட்டும் வந்தது. என் வேலை முடிந்தது. ஒரு மதியம் காயத்திரி, கூலிதான் இல்லை, கைச்செலவை எடுக்கச் சட்டம் விடுகிறதே என்றார். தபால் செலவு, நீதிமன்றக் கட்டணம், கிங்ஸ்பரிக்கும் அண்ணையின் வீட்டுக்கும் போய்வந்த ரயில், பஸ். நீதிமன்றக் கட்டணத்தை எடுத்தேன், அது பெரிய காசு. மற்றதைத் தொடமாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டார். அப்போது அவருக்கு இந்தக் கதையைச் சொன்னேன்.

நான் லண்டனுக்கு வந்த புதிதில், துப்புரவு வேலைக்கு விடியப் போகவேண்டும். ஒருநாள் என் தரிப்பில் வந்து நின்ற பஸ்ஸை ஓட்டிவந்தது அண்ணை. எனக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, பின்னால் அவ்வளவு பெரிய சிவப்பு பஸ். எல்லாரும் பார்க்க, "அண்ணை," என்று சிரித்துக்கொண்டு, காசு கொடுக்காமல் உள்ளே நடந்தேன். அவர் பஸ்ஸை எடுக்கவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்து, முன்னுக்கு வரும்படி விரலால் கூப்பிட்டார். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் ஒரு மாதம் அவர் வீட்டுக்குப் போகவில்லை. இப்போது நினைத்தால் அந்த மனிதருக்குத் தங்கையாகப் பிறந்ததற்கு நெஞ்சு நிமிர்கிறது. அவருடைய பிள்ளைகளிடம் நான் பஸ் காசு கேட்பதா? அவர் சொன்னதைக் காயத்திரிக்கு அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினேன்:

"வீட்டிலதான் நான் அண்ணை. இதுக்குள்ள ட்ரைவர். காசை எடு."

வாடிக்கையாளராக வந்தவன்

திவசத்துக்குப் பத்து நாள் இருந்தது. நான் பஞ்சாங்கத்தில் திதியைப் பார்த்து வைத்திருந்தேன். தர்சினி, அண்ணா சொல்வான் மாமி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். திவசம் மயூரன் வீட்டில், அவன்தான் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அன்றைக்கு வீட்டில் இருப்பதா, கோயிலுக்குப் போவதா, கோயிலுக்குப் போனால் அந்த அம்மா பார்த்துவிட்டு என்ன கேட்பார் என்று எல்லாம் யோசித்து முடித்திருந்தேன். அந்த நேரத்தில் மாடிப்படியில் இரண்டு பேர் ஏறும் சத்தம். மயூரனும், அவனுடைய மாமனார் தர்மலிங்கம் ஐயாவும். மயூரன் தன் தகப்பனைப்போலவே, என்னைத் தெரியாதவன்போல, லோயரைப் பார்க்க நேரம் எடுத்திருக்கிறோம் என்றான். தர்மலிங்கம் ஐயாதான் மூச்சு வாங்கிக்கொண்டு, "கிங்ஸ்பரியில எத்தினை லோயர்மார் இருக்கினம், தங்கச்சி. இஞ்சதான் வரவேணுமெண்டு மருமகன் ஒரே பிடி," என்றார்.

அவர் உயில் எழுத வந்தார். எக்சிகியூட்டர் யார் என்று கேட்க, மருமகன் என்றார். அவருக்கும் ஒரு பென்சன் தொடாமல் கிடந்தது. பாவிக்காமல் மிஞ்சுகிற பென்சனையும் இனிமேல் மரணவரிக் கணக்கில் சேர்க்கச் சட்டம் மாறுகிறது, அந்தக் கணக்கையும் எக்சிகியூட்டர்தான் கொடுக்கவேண்டிவரும், ஆனால் காசு அப்போதும் யார் பெயரைக் கொடுத்திருக்கிறீர்களோ அவருக்குத்தான் போகும் என்று காயத்திரி சொல்ல, நான் அதை எங்கள் தமிழில் சொன்னேன். தர்மலிங்கம் ஐயா நியாயமான மனிதர். வேலை கூடுகிறதென்றால் கூலியும் வேண்டும் என்றார். "கனடாவில எடுக்கினமாம். நூற்றுக்கு இவ்வளவெண்டு எழுதுங்கோ, பிள்ளை. பென்சனையும் சேர்த்து எழுதுங்கோ. இவர் கேக்கமாட்டார், நாங்கள்தான் எழுதவேணும்." காயத்திரி பேனையை எடுத்தார், என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

"அது எழுதவேண்டாம், மாமா," என்றான் மயூரன். "எங்கட பக்கத்தில கூலி எடுக்கிற வழக்கமில்லை. நம்பாட்டி மாமியைக் கேளுங்கோ." தர்மலிங்கம் ஐயா என் பக்கம் திரும்பினார். நான் என்ன சொல்வது? ஓம் என்றேன். பரம்பரை பரம்பரையாக வந்த வழக்கம்போலவே சொன்னேன். அந்த வழக்கத்துக்கு வயது ஒரு வருசம்கூட ஆகவில்லை என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். காயத்திரி பேனையை மூடினார்.

நான் போட்ட தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மாமனார் முதலில் இறங்கினார். மயூரன் அண்ணை நின்ற அதே படியில், அதே கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். குறுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. திரும்பிச் சொன்னான்:

"வாற கிழமை ஞாயிறு திவசம், மாமி. விடிய வெள்ளெனவே வாங்கோ. அப்பாவுக்கு என்னென்ன படைக்கிறதெண்டு எனக்கு வடிவாத் தெரியாது. வந்த தபால் கொஞ்சமும் கிடக்கு."

உயிலிலும் பங்கில்லை, பென்சனிலும் பங்கில்லை. எக்சிகியூட்டருக்கு உரியது திவசத்தன்று கேட்காமலே இரண்டாம் தரம் ஊற்றப்படுகிற, சீனி போடாமல் தனியாகக் காய்ச்சி வைத்த பாயசம் மட்டும்தான், அதற்கு இதுவரை வரியும் இல்லை.